அறுபது மைல் புள்ளிக்கோடு

அமெரிக்காவில் லடிங்ரன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மனிற்றோவொக் என்று இன்னொரு சின்ன ஊர் இருக்கிறது. இரண்டுக்கும் நான் போனதில்லை. போகும் உத்தேசமும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று என்னை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மனைவிக்கு என் பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, இந்தத் தூரம் ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் கனடாவில், பிறம்ரனில் நான் வேலை செய்த ட்றக் கொம்பனியில் எனக்கு ஒரு பிரியாவிடைச் சாப்பாடு வைத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து எந்த லோட்டை எந்தச் சாரதி கொண்டுபோவது என்பதைக்கூடக் கொம்பியூட்டரே தீர்மானிக்கும் என்று அறிவித்ததும் அதே மேசையில்தான். என்னை அனுப்பிவிட்டு அதைக் கொண்டுவருகிறார்களா, அது வருகிறதென்று என்னை அனுப்புகிறார்களா என்று நான் கேட்கவில்லை. ரோல்ஸ் நல்லாயிருந்தது.

அப்போது புதிதாகச் சேர்ந்த நிரோஷா சொன்னாள்: "அங்கிள், சிஸ்ரம் பிழை விட்டு, நீங்கள் உங்கடை எக்ஸ்பீரியன்ஸாலை காப்பாத்தின ஸ்ரோறி ஒண்டு சொல்லுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருபத்தாறு வருடத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு கதையும் கிடைக்கவில்லை. கொம்பியூட்டர் சரியாகச் சொல்லி நான் அதைத் திருத்தின கதைதான் ஒன்று இருந்தது. அன்றைக்கு ரோல்ஸ் வாய்க்குள் இருந்தபடியால் தப்பினேன். இப்போது எழுதுகிறேன்.

நான் கனடாவுக்கு வந்தது, கோப்பை கழுவினது, குளிரில் அழுதது எல்லாம் எல்லோருக்கும் பொதுவான பாடம், அதை விட்டுவிடுகிறேன். ட்றக் ஓடும் லைசென்ஸ் மூன்றாம் தரம் கிடைத்தது. முதல் தரம் தோற்றதுக்குக் காரணம் பின்பக்கமாக எடுக்கும்போது சோதனை அதிகாரியின் காரில் முட்டியது. இரண்டாம் தரம் அதே அதிகாரி. பத்து வருடம் ஓடினேன். பிறகு முதுகு மாட்டேன் என்றது. ஓட்டத்திலிருந்து கந்தோருக்கு ஏற்றி, என்னை டிஸ்பாச்சர் ஆக்கினார்கள். அதாவது, மற்றவர்களின் முதுகை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற வேலை.

எங்கள் டிஸ்பாச் பகுதிக்குத் தலைவி ரோசா. போர்த்துக்கல்காரி. அப்போதே அறுபது வயது இருக்கும். மெல்லிய உருவம், தடித்த கண்ணாடி. அவள் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. யாராவது பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். "முதலில் இருந்து சொல்லு" என்பாள். சொல்லுவோம். முடிந்ததும் "இன்னொருக்கா சொல்லு" என்பாள். முதல் தரம் சொல்லும்போது பிழை சாரதியுடையதாக இருக்கும். இரண்டாம் தரம் சொல்லும்போது காலநிலையுடையதாக மாறும். மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும்போது நாங்களே தலையைக் குனிந்துகொண்டு நிற்போம். அதுக்குப் பிறகு அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்பாள். திட்டினாலும் பரவாயில்லை என்றிருக்கும்.

அவள் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை இதுதான். ஒரு லோட் வந்தால் முதலில் கொம்பியூட்டர் தருகிற தூரத்தை எடு. பிறகு சாரதிக்கு எத்தனை மணித்தியாலம் மிச்சம் என்று பார். அமெரிக்காவுக்குள் ஒரு சாரதி பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடியாது; அதுவும் வேலை தொடங்கிப் பதினாலு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். பிறகு பத்து மணித்தியாலம் ஓய்வு. ட்றக்குக்குள் இருக்கிற பெட்டி எல்லாவற்றையும் பதியும். அதை ஏமாற்ற முடியாது. கடைசியாக, தெரியாத ஊர் என்றால், அந்த ஊருக்கு ரெலிபோன் எடு. பெற்றோல் செற்றோ, கோப்பிக்கடையோ, யாராவது ஒரு மனிசரோடு கதை. "பாதை எப்பிடி, பெரிய ட்றக் வருமா?" என்று கேள். ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

அது ஒரு ஏழெட்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசி. எங்களிடம் குகன் என்று ஒரு சாரதி. முப்பத்தொரு வயது, மல்வேர்னில் தாயோடு இருந்தான். சிரிச்ச முகம். அவனுக்குக் கலியாணம் பேசியது நான். பெண் வானதி, என் மனைவிக்குத் தெரிந்த குடும்பம். பெண்ணுக்குச் சம்மதம், தாய்க்குச் சம்மதம். தகப்பன், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற வாத்தியார், அவருக்குத்தான் இறங்கவில்லை.

"லொறி ஓடுற பெடியன் வீட்டிலை நிக்கிறது எப்ப? என்ரை பிள்ளை ஆரோடை குடும்பம் நடத்துறது, ரெலிபோனோடையோ?"

"மாஸ்டர், அவனை அனுப்புற ஆளே நான்தானே. எங்கை போனாலும் எத்தினை மணிக்கு வீட்டு வாசல்லை நிப்பான் எண்டு நான் எழுதித் தாறன்."

"எழுதத் தேவையில்லை. உம்மடை வாயை நம்புறன்" என்றார்.

என் வாயை நம்பிய முதல் ஆள் அவர்தான். என் மனைவி உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

பொன்னுருக்குக்கு ஒரு சனிக்கிழமை காலை, எட்டு மணி ஐந்திலிருந்து ஒன்பது மணிக்குள் ஐயர் நேரம் வைத்துக் கொடுத்தார். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. எங்கள் ஆட்களின் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளை முன்னுக்கு இருக்க வேண்டும். அதுக்குப் பிறகு அவன் தூரப் பயணம் போகக்கூடாது. அதனால் குகன் கேட்டான்: "அண்ணை, லீவு தொடங்க முன்னம் கடைசியா ஒரு சின்ன ஓட்டம் தாங்கோவன். வியாழன் போய் வெள்ளி வாறமாதிரி."

சரியாக அப்போது வந்தது அந்த லோட். பாதிச் சாமானை மிச்சிகனில் லடிங்ரனில் இறக்க வேணும். மிச்சத்தை விஸ்கொன்சினில் மனிற்றோவொக்கில் இறக்க வேணும். கொம்பியூட்டரில் போட்டேன். இரண்டு ஊருக்கும் இடையில் நானூற்றுப் பத்து மைல் என்று காட்டியது.

நான் சிரித்தேன். வடிவாகச் சிரித்தேன். ஏனென்றால் சுவரில் இருந்த மப்பில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நேருக்கு நேர் நின்றன. நடுவில் மிச்சிகன் ஏரி. ஏரிக்குக் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அழகான ஒரு புள்ளிக்கோடு. கப்பல் போகிற வழி. வாகனம் ஏற்றுகிற கப்பல். அளந்து பார்த்தேன்: அறுபது மைல். கொம்பியூட்டர் ஏரியைச் சுற்றி, சிக்காகோவுக்குள்ளால் போய் வா என்கிறது!

நான் காரைநகர் ஆள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடல். தரையால் சுற்றிப் போனால் பாதி நாள். ஆனால் பாதை என்று ஒன்று ஓடும்; வாகனத்தையும் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. கரையில் போய் நின்றால் வரும். ஒரு மாட்டோடு நின்றாலும் வரும். அதுக்கு யாரும் ரெலிபோன் எடுத்ததில்லை. கடல் கண்ட இடத்தில் குறுக்கே போவது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. தரையில் பிறந்தவன் எழுதின கொம்பியூட்டருக்கு அது விளங்குமா?

ஆகவே திருத்தினேன். குகன் வியாழன் விடிய வெளிக்கிட்டு, மதியம் லடிங்ரன். பின்னேரம் கப்பல். கப்பலில் படுத்தால் ஓய்வும் கணக்காகும். வெள்ளி காலை மனிற்றோவொக்கில் மிச்சத்தை இறக்கி, ஒரே ஓட்டமாக வீடு. வெள்ளி இரவு தாயின் கையால் சாப்பாடு. திட்டத்தை அச்சடித்து, இரண்டு தரம் வாசித்து, என்னையே மெச்சினேன்.

வியாழன் பகல் இரண்டு மணிக்குக் குகனின் அழைப்பு.

"அண்ணை, லடிங்ரன்லை இறக்கியாச்சு. கப்பலடியிலை நிக்கிறன்."

"நல்லது. ஏறு."

"கப்பல் நிக்குது அண்ணை. கட்டிக்கிடக்கு."

"அப்ப வெளிக்கிடும் தானே."

"வெளிக்கிடும். வைகாசியிலை."

நான் மப்பில் இருந்த புள்ளிக்கோட்டைத் திரும்பப் பார்த்தேன்.

"குளிர் காலத்துக்கு விடமாட்டினமாம் அண்ணை. போன கிழமையோடை நிப்பாட்டிப்போட்டினம். இஞ்சை நாயோடை நடக்கிற ஒரு மனிசன் சொல்லுறார், இந்த ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் உது தெரியுமாம். ஆர் அனுப்பினது எண்டு கேக்கிறார். சொல்லட்டோ?"

"வேண்டாம்" என்றேன்.

ரோசாவிடம் போனேன். கண்ணாடி மேசைக்கு வந்தது. முதல் தரம் சொன்னபோது பிழை கப்பலுடையது. இரண்டாம் தரம் மப்பை அச்சடித்தவனுடையது. மூன்றாம் தரம் சொல்லத் தொடங்கவே அது என்னுடையதாகிவிட்டது. "ரெலிபோன் எடுத்தாயா?" என்று கேட்டாள். "இல்லை." "ஏன்?" எனக்குக் காரைநகரையும் ஊர்காவற்றுறையையும் போர்த்துக்கல்காரிக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. மாட்டையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பிறகு ஒரு கடதாசியில் மணித்தியாலங்களை எழுதினாள். குகனுக்கு இன்றைக்கு மூன்றரை மணித்தியாலம்தான் மிச்சம். ஏரியைச் சுற்றும் வழியில் பாதித்தூரத்தில் நிற்க வேண்டும். பத்து மணித்தியால ஓய்வு. வெள்ளி காலை சிக்காகோ நெரிசலுக்குள்ளால் மனிற்றோவொக். இறக்கித் திரும்பினால், வெள்ளி பின்னேரம் ஏழு மணிபோல் மிச்சிகனின் நடுவில் அவன் நேரம் முடிந்துவிடும். திரும்பவும் பத்து மணித்தியாலம். அங்கிருந்து எல்லையும் கடந்து பிறம்ரனுக்கு ஐந்து மணித்தியாலம். அதாவது சனி காலை பத்து. பிறகு மல்வேர்னுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.

ஒன்பது மணிக்கு நல்ல நேரம் முடிகிறது. பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வருகிறார். அடுத்த நல்ல நாள் கலியாணத்துக்குப் பிறகுதான் இருந்தது. மாஸ்டருக்கு "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஒரு பெடியனின் கலியாணம் என் புள்ளிக்கோட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. அதுவரைக்கும் எனக்கு எல்லாம் பகிடி. அந்தக் கடதாசியைப் பார்த்தபோது மட்டும் பகிடி வரவில்லை.

ரோசா கண்ணாடியைப் போட்டாள். "உன் ட்றக் லைசென்ஸை இன்னும் வைத்திருப்பதாகப் பெருமை அடிப்பாயே. உண்மையா?"

"உண்மை. ஆனால் ஓடிக் கனகாலம்."

"நாளைக் காலை வேலைக்கு வராதே. நித்திரை கொள். மதியம் நான் வருகிறேன்."

வெள்ளி காலை பத்து மணிக்கு நான் கட்டிலில் கிடந்ததை மனைவி வந்து பார்த்தாள். "வேலையாலை நிப்பாட்டிப் போட்டினமோ?" என்று சாந்தமாகக் கேட்டாள். எதிர்பார்த்திருந்த குரல். அந்த நேரம் மாஸ்டரும் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, மாப்பிள்ளை எங்கை?"

"வந்துகொண்டிருக்கிறார் மாஸ்டர்."

"எங்கையாலை?"

"ஏரிப் பக்கத்தாலை."

"எந்த ஏரி?"

"பெரிய ஏரி."

"ம்" என்றார். வாத்தியார்மாரின் அந்த "ம்" எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

பகல் ஒன்றரைக்கு மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் ரோசாவின் சின்னக் கார் வந்து நின்றது. ஐந்தரை மணித்தியாலம் அவள் ஓடினாள், நான் பக்கத்தில் இருந்தேன். கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது; அதைத் தாண்டியபோது ஒரு அப்பிள் தந்தாள். சார்ணியாவில் எல்லை அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "இவருடைய பிழையைக் கூட்டிவரப் போகிறோம்" என்றாள். அந்த மனிசன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி விட்டுவிட்டார். அவருக்கும் ஒரு மேலதிகாரி இருந்திருக்க வேண்டும்.

ஏழு மணிக்குச் சற்றுப் பிந்தி ட்றக்குகள் தரிக்கிற இடத்துக்குப் போனோம். குகன் அங்கே பிரெட் கடித்துக்கொண்டு நின்றான். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டு, "அண்ணை, ஏரி வடிவாத்தான் இருந்தது. முழுக்கச் சுத்திப் பாத்திட்டன்" என்றான். ரோசா அவன் தோளில் தட்டி, "போய்ப் பின்னால் படு" என்றாள். என்னிடம் சாவியைத் தந்தாள். "தாஸ், மெதுவாக ஓடு" என்றாள். பத்மதாஸ் என்ற என் பெயரை அவள் எப்போதோ பாதியாக வெட்டிவிட்டாள்.

அந்த அறிவுரை எனக்குத் தேவையே இல்லை. ஐம்பத்தேழு வயது, ஓடாத பத்து வருடம், மாட்டேன் என்ற முதுகு. நெடுஞ்சாலையில் என்னை எல்லோரும் முந்தினார்கள். வீட்டையே இழுத்துக்கொண்டு போன ஒரு கிழவரும் முந்தினார். பின்பக்கத் திரைக்குள்ளிருந்து குகனின் குரல் வந்தது:

"அண்ணை, நிக்கிறமோ ஓடுறமோ?"

"நித்திரை கொள்ளு. நாளைக்குப் படம் எடுப்பினம், முகம் வீங்கியிருக்கும்."

"பயத்திலை நித்திரை வருதில்லை."

"என்னை நம்பு."

"நம்பித்தானே அண்ணை ஏரியைச் சுத்தினனான்."

ஆனாலும் வந்து சேர்ந்தோம். கொம்பனி யாட்டுக்குள் ட்றக்கைப் பின்பக்கமாக விட எனக்கு ஒன்பது தரம் எடுத்தது. கடைசியில் நாளைய மாப்பிள்ளை சாரத்தோடு கீழே இறங்கி, கையைக் காட்டி, "ஒடி, ஒடி, நேரா, ஐயோ நேரா எண்டனான்" என்று என்னை உள்ளே விட்டான்.

சனி காலை மல்வேர்னில் குகன் வீட்டில் நிறைகுடம், குத்துவிளக்கு, முப்பது பேர். பெண் பகுதியில் மாஸ்டரும் வந்திருந்தார். நகைவேலைப் பத்தர் ஒரு சின்னச் சட்டியில் கரியைப் போட்டு, பொன்னை வைத்து ஊதத் தொடங்கினார். குகன் பட்டு வேட்டியோடு தேங்காயைப் பிடித்தபடி இருந்தான். கண் மட்டும் அடிக்கடி மூடும், தாய் பின்னாலிருந்து கிள்ளுவா. பொன் சிவந்து, குழைந்து, ஒரு சின்னக் குண்டுமணியாகத் திரளுகிற அந்த நிமிடத்தில் கூரையிலிருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. ஐயர் மந்திரத்தை உயர்த்தினார். அலாரமும் உயர்த்தியது. நான் கதிரையில் ஏறி ஒரு சால்வையால் அதை விசிறினேன். நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பத்தர் உருண்ட பொன்னைத் தட்டில் போட்டு எல்லோருக்கும் காட்டினார்.

நான் கதிரையிலிருந்து இறங்கவும் மாஸ்டர் குகனிடம் கேட்கிறார்:

"தம்பி, வெள்ளி இரவு வீட்டை வாறதெண்டு சொன்னது. அம்மா சொல்லுறா நீர் விடியப்புறம்தான் வந்தனீராம். என்ன நடந்தது?"

குகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வழி பிழைச்சுப் போட்டன் மாமா. என்ரை கவனக்குறைவு."

அந்த வசனத்தை அவன் எங்கே தயார்பண்ணினான் என்று தெரியாது. ஏரியைச் சுற்றும்போது நேரம் இருந்திருக்கும். மாஸ்டரின் வாயில் அந்த "ம்" உருவாகிக்கொண்டிருந்தது. நான் சும்மா நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். மாமனார் மருமகனை ஆயுசுக்கும் வழி பிழைக்கிறவன் என்று நினைத்திருப்பார். நான் கௌரவமாக வடை சாப்பிட்டிருப்பேன்.

"இல்லை மாஸ்டர்" என்றேன். சால்வை இன்னும் கையில் இருந்தது. "அவன் வழி பிழைக்கேல்லை. நான் பிழையா அனுப்பினனான். கப்பல் ஓடாத காலத்திலை கப்பலிலை ஏறு எண்டு எழுதிக் குடுத்தனான். அறுபது மைல் எண்டு சொல்லி நானூற்றுப் பத்து மைல் ஓட வைச்சனான். அவன் ஒரு வார்த்தை ஏசாமல் ஓடினவன். எனக்கு நீங்கள் என்ன எண்டாலும் சொல்லலாம், அவனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்தார், குகனைப் பார்த்தார். "மற்றவன்ரை பிழையைத் தன்ரை தலையிலை போடுற பெடியன்" என்றார். "வீட்டுக்கு உதவும்." பிறகு சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "ஆனால் தம்பி பத்மதாஸ், உமக்கு ஒரு கட்டளை. கலியாணம் முடிஞ்சு முதல் ஒரு மாசம் இவனை ஒன்ராறியோவை விட்டு வெளியிலை அனுப்பப்படாது."

"சத்தியமா அனுப்பமாட்டன் மாஸ்டர்."

கலியாணம் நல்லாக நடந்தது. இப்போது அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் நான் ட்றக் பின்னுக்கு எடுத்த கதையை என்னைவிட நன்றாக நடித்துக் காட்டுவாள்.

குகன் வேலைக்குத் திரும்பி இரண்டாம் நாள், கெனோறாவுக்கு ஒரு லோட் வந்தது. வேறு சாரதிகள் எல்லோரும் ஓட்டத்தில். கெனோறா பக்கத்து மாகாணமான மனிற்றோபாவின் எல்லையில் இருக்கிறது. பிறம்ரனிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் வரும். லடிங்ரனுக்கு மூன்று தரம் போகிற தூரம். ஆனால் சட்டப்படி, ஒரு அடிகூட வெளியே போகாமல், முழுக்க முழுக்க எங்கள் மாகாணமான ஒன்ராறியோ. எனக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. மாஸ்டருக்கு எடுத்தேன்.

"மாஸ்டர், குகனை ஒரு இடத்துக்கு அனுப்பவோ? சத்தியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. ஒன்ராறியோவுக்குள்ளைதான்."

"எந்த இடம்?"

"கெனோறா எண்டு. இந்தா, இஞ்சை பக்கத்திலை."

மறுமுனையில் அந்த "ம்" கேட்டது.

"தம்பி" என்றார். "நான் முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சது பூகோளம்."

கெனோறா நல்ல ஊர். ஏரிக்கரை, குளிர்ந்த காற்று, அன்பான சனம். அந்த லோட்டோடு போய்ச்சேர எனக்கு மூன்று நாள் எடுத்தது.